நிற்காமல் வாசித்த பிள்ளை

முதல் பெட்டியை பிளேடால் கீறித் திறந்ததும் ஹுஸ்னியா மேலே இருந்த புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். அடுத்ததும் அதே புத்தகம். அதற்கடுத்ததும் அதே. அடி வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். இரண்டாவது பெட்டியைத் திறந்தாள், மூன்றாவதையும் திறந்தாள். தரம் இரண்டு வகுப்பறையின் மூலையில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த அத்தனை பெட்டிகளிலும் ஒரே புத்தகம்தான். பெயர் 'பாலர் பைந்தமிழ்ப் பனுவல்'. எழுதியவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஜவாத். அட்டையில் கோட்டும் டையுமாக அவரே சிரித்துக்கொண்டிருந்தார். சிறுபிள்ளைகளின் புத்தகத்து அட்டையில் ஒரு பூனைக்குட்டிக்குக்கூட இடம் விடாத மனிதர்.

முதல் பாட்டை விரித்தாள். 'பொற்கதிர் பூத்திடப் புள்ளினம் ஆர்த்திடக் கற்கநீ எழுந்திடு கண்வளர் பாலகா.' அவளுக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. இதைப் படித்து எந்தப் பாலகன் எழும்புவான்? எழும்பியவனும் திரும்பிப் படுத்துக்கொள்வான். 'அம்மா', 'ஆடு' என்பதையே எழுத்துக் கூட்டித் தடவிக்கொண்டிருக்கிற பிள்ளைகளிடம் போய்ப் புள்ளினத்தை ஆர்க்க விடுகிறாராம் மனிதர்.

வகுப்பில் வாசிப்பு மூலை அமைப்பதற்கு அரிசி ஆலை ஜெமீல் ஹாஜியார் உதவுகிறார் என்று பள்ளிக்கூட அதிபர் சொன்ன நாளிலிருந்து ஹுஸ்னியா சும்மா இருக்கவில்லை. மருதமுனையிலிருந்து கல்முனைக் கடைத்தெருவுக்கு ஸ்கூட்டியில் போய், கனகரெத்தினத்தின் புத்தகக் கடையில் தரையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள். கனகரெத்தினம் பாண்டிருப்பு ஆள், நல்ல மனுசன். "கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க டீச்சர், பிடிச்சத வெச்சிட்டு மிச்சத்தத் தாங்க" என்று ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார். பளபளப்பான தாளும் விலையும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பையை வகுப்பின் நடுவில் கொட்டிவிட்டுத் தள்ளி இருந்து பார்த்தாள். எந்தப் புத்தகத்துக்குச் சண்டை வருகிறது, எதை இரண்டாம் தரம் எடுக்கிறார்கள், எந்தச் சொல்லில் விரல் நிற்கிறது, நின்ற பிறகு படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்லுக்கு வருகிறதா, இல்லை புத்தகத்தையே மூடிவிடுகிறதா என்பதைத்தான் பார்த்தாள். பெரியவர்கள் மெச்சுகிற நீதிக் கதைகளை ஒரு பிள்ளையும் தொடவில்லை. கூரையில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்துகிற ஆட்டுக்கு அடிபிடி நடந்தது.

அந்த ஆடுதான் றிஸ்லாவையும் பிடித்தது. றிஸ்லா இந்த வகுப்பின் கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும். எந்தப் பாடத்தையும் ஒருதரம் கேட்டால் போதும், புத்தகத்தை விரித்துப் பிடித்து, விரலை வரி வரியாய் நகர்த்தி, இராகம் தப்பாமல் ஒப்புவித்துவிடுவாள். பின்னேரம் குர்ஆன் படிக்கிற ஓதப் பள்ளியிலும் அவள்தான் முதல். அங்கே அந்த ஞாபகம் பரக்கத்து, பெரிய வரம். ஹுஸ்னியாவும் அங்கேதான் ஓதி வளர்ந்தவள், அதில் அவளுக்குப் பிணக்கே இல்லை. ஆனால் ஓதுகிற காதை வைத்துக்கொண்டே இந்த ஊர் வாசிப்பையும் அளக்கிறது. பிள்ளை தங்குதடையில்லாமல் சொன்னால் வாசிக்கிறது, தடக்கினால் மக்கு, அவ்வளவுதான் கணக்கு. ஒருநாள் றிஸ்லா விரித்துப் பிடித்திருந்த பக்கத்தை ஹுஸ்னியா மெல்ல மாற்றிவிட்டாள். பிள்ளை பழைய பக்கத்தையே கடகடவென்று சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்கு எழுத்தே தெரியாது என்பது அன்றைக்குத்தான் வெளிச்சமானது.

அப்படிப்பட்டவள் ஆட்டுப் புத்தகத்தில் ஒருநாள் நின்றாள். 'கூரை' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடி, நெற்றி வியர்த்து, "கூ... ரை... டீச்சர், கூரை" என்றாள். அவள் பிறந்ததிலிருந்து வாசித்த முதல் சொல் அது. ஹுஸ்னியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் இப்படிக் கொஞ்சப் புத்தகம் கைக்கு வந்தால் போதும், இந்த வருட முடிவுக்குள் பிள்ளை வாசித்துவிடுவாள். வராவிட்டால் தன் ஞாபகத்தைக் கொண்டே மூன்றாம் தரத்துக்கும் நாலாம் தரத்துக்கும் ஏறிப் போவாள், பிறகு ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தவற்றைப் பட்டியல் போட்டு அதிபரிடம் கொடுத்து, பையையும் கனகரெத்தினத்துக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் இந்தப் பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன.

அவள் ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு நேரே அதிபரின் அறைக்குப் போனாள். அதிபர் நஸீம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுத்து வெச்ச புத்தகங்கள் எங்க சேர்?"

"இரிங்க டீச்சர். அதெல்லாம் சின்னச் சின்னப் புத்தகம். ஒரு பக்கத்துக்கு ரெண்டு சொல்லு. ஆரும் வந்து பாத்தாச் சிரிப்பாங்க."

"ஆரு சேர் சிரிக்கிற? புள்ளையள்தான் சிரிக்கும். அதுக்குத்தானே வாங்கிற."

"வாற சனிக்கிழமை ஜவாத் சேர்ட நூல் வெளியீடு. ஹாஜியார்தான் முதற்பிரதி எடுக்கிற. எடுத்துட்டு மிச்சம் எல்லாத்தையும் நம்மட பள்ளிக்கூடத்துக்கே அன்பளிப்புச் செய்றாராம், அதான் முந்தியே கொண்டுவந்து இறக்கிட்டாங்க. நாம வேணாம் எண்டு செல்ல ஏலுமா? ஜவாத் சேர்ட கையெழுத்தில வேலைக்கு வந்த ஆக்கள்தான் இஞ்ச முக்காவாசிப் பேர். நானும்தான்."

"அதுக்கு நாம அவருக்கு விருந்து வெப்பம் சேர். புள்ளையள்ற புத்தகத்த ஏன் குடுக்கணும்?"

அதிபர் கோப்பையை வைத்தார். "கோபப்படாதீங்க. நல்ல தமிழ் டீச்சர். புள்ளையள் இப்பவே பழகட்டும்."

நல்ல தமிழ் என்ற சொல்லைக் கேட்டதும் ஹுஸ்னியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நிமிடம் நின்றால் என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியாது, அதனால் வெளியே வந்துவிட்டாள். இந்த ஊரில் நூல் வெளியீடு என்றால் கலியாண வீடு மாதிரி. கிராஅத் ஓதல், வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துப்பா, முதற்பிரதி, ஏற்புரை, கடைசியில் ரோல்ஸும் தேத்தண்ணியும் எல்லாம் முறைப்படி நடக்கும். புத்தகத்தை யார் வாசிப்பது என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிகழ்ச்சி நிரலில் போட்டுவிடுவார்கள். அந்த ஒன்றை இப்போது கேட்பாரில்லாத ஏழு வயதுப் பிள்ளைகளின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் விட்ட கையோடு அவள் சாய்ந்தமருதுப் பக்கம் ஹாஜியாரின் ஆலைக்குப் போனாள். உமித்தூசிக்குள்ளே வெள்ளைத் தொப்பியோடு இருந்த ஜெமீல் ஹாஜியார் அவளுக்குக் கதிரை போடச் சொன்னார். அவள் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"எனக்கு இந்தப் புத்தகச் சங்கதியெல்லாம் தெரியா மகள். முதற்பிரதி எடுங்க எண்டு வந்து கேட்டாங்க, ஓம் எண்டுட்டன். குடுத்த வாக்க மாத்த ஏலா."

"வாக்க மாத்த வேணாம் ஹாஜியார். ஆனா அந்தப் புத்தகத்த எங்கட புள்ளையள் ஒண்டும் வாசிக்க ஏலா."

"அப்படிச் செல்றீங்க. ஆனா மேடையில ஒரு புள்ள வாசிக்கப் போறதாம் எண்டு அதிபர் சென்னாரே." அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒரு வேல செய்வம். அண்டைக்கு என்ட காதால கேட்டுப் பாக்கிறன். புள்ள வாசிச்சா, அது போதும், நீங்க பேசப்படா. வாசிக்க ஏலாட்டி, நீங்க செல்ற புத்தகமெல்லாம் நான் எடுத்துத் தாறன். சரியா?"

"சரி ஹாஜியார்" என்று அவள் சந்தோஷமாக எழும்பிவிட்டாள். ஸ்கூட்டி கல்முனையைத் தாண்டிய பிறகுதான், மேடையில் வாசிக்கப் போகிற பிள்ளை யார் என்று கேட்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வேறு யாரைப் போடுவார்கள்?

அவள் நினைத்தது சரிதான். முதல் பாட்டை அதிபர் தன் குரலிலேயே பேசிப் பதிந்து றிஸ்லாவின் உம்மா றம்லாவின் போனுக்கு அனுப்பியிருந்தார். றம்லா மறுநாள் காலை வாசலில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "மாஷா அல்லாஹ் டீச்சர், ரெண்டு தரம் போட்டதுதான், அப்படியே புடிச்சிட்டா. புதுச் சட்டையும் தச்சாச்சு" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு உங்கள் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்ல ஹுஸ்னியாவுக்கு நாக்கு எழும்பவில்லை. அதிபரிடம் சொன்னாள். அவர், "என்ன கதை டீச்சர் இது, அவ வாசிக்கிறத நானே எத்தினையோ தரம் கேட்டிரிக்கன்" என்று சிரித்தார்.

ஹாஜியாரிடம் முந்திப் போய்ச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தாள். சொன்னால் அவர் மேடையில் வேறு பக்கத்தைத் திருப்பிக் காட்டி வாசிக்கச் சொல்வார். ஊர் முழுக்க இருக்கும் மண்டபத்தில், புதுச் சட்டையோடு, பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். புத்தகத்துக்காகப் பிள்ளையை விற்க அவளால் முடியவில்லை. சனிக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்தினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு கவிஞர் வாழ்த்துப்பா பாடினார், அது மூலப் புத்தகத்தை விட நீளமாக இருந்தது. ஜவாத் சேரின் தோளில் பொன்னாடைமேல் பொன்னாடையாக ஏறி, கடைசியில் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது. பிறகு றிஸ்லாவைக் கூப்பிட்டார்கள். ரோஸ் நிறச் சட்டையும் வெள்ளை முக்காடுமாக அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, தொடங்கினாள். 'பொற்கதிர் பூத்திட' என்று தொடங்கியவள் பாட்டு முடியும் வரை ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை, மூச்சுக்கூட இராகத்தோடுதான் எடுத்தாள். விரல் ஒரு வரி முந்திப் போய் முடிந்துவிட்டது, அதை ஹுஸ்னியாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை. மண்டபம் கை தட்டியது. ஜவாத் சேர் கண்ணைத் துடைத்தார். முன்வரிசையிலிருந்த ஜெமீல் ஹாஜியார் திரும்பி, பின்னால் இருந்த ஹுஸ்னியாவைத் தேடிப் பார்த்து, 'கேட்டீங்கதானே' என்பது போல் தலையை ஆட்டினார்.

ஹுஸ்னியா எழும்பி வெளியே வாசற்படிக்கு வந்துவிட்டாள். கை தட்டியவர்களின்மேல் கோபம், அதிபரின்மேல் கோபம், பந்தயம் பிடித்த தன்மேலேயே கோபம். கொஞ்ச நேரத்தில் றிஸ்லா பரிசுப் பொதியோடு ஓடிவந்து அவளுடைய அபாயாவைப் பிடித்தாள்.

"டீச்சர், நான் நல்லாச் சென்னனா?"

"ஓம் மகள், நல்லாச் சென்னீங்க."

"அதிபர் சேர் சென்ன, நான்தானாம் நல்லா வாசிக்கிற புள்ள." அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப இனி நான் எழுத்துப் படிக்கத் தேவல்லதானே டீச்சர்?"

பிள்ளை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எழுத்துப் படிப்பது அவளுக்குக் கஷ்டம், வியர்க்கிறது. ஒப்புவித்தால் ஊரே எழும்பிக் கை தட்டுகிறது. பிறகு எந்தப் பிள்ளைதான் கேட்காது? இத்தனை பெரிய மனிதர்கள் கூடி, பொன்னாடை போர்த்தி, ஒரு பிள்ளைக்கு வாசிப்புத் தேவையில்லை என்று படிப்பித்து முடித்திருக்கிறார்கள்.

பிள்ளையை உம்மாவிடம் அனுப்பிவிட்டு அவள் உள்ளே போனாள். கூட்டம் முடிந்து ஆட்கள் சிற்றுண்டி மேசையைச் சூழ்ந்திருந்தார்கள். ஹாஜியார் ஒரு ஓரத்தில் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஹுஸ்னியா ஒரு பிரதியை விரித்து அவருக்கு முன்னால் நீட்டினாள். சலாம்கூடச் சொல்ல மறந்துவிட்டாள்.

"இந்தப் பக்கத்த வாசிங்க ஹாஜியார்."

"என்ன மகள் இது?"

"நீங்க பேப்பர் வாசிக்கிற ஆள்தானே. வாசிங்க."

அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ரோல்ஸை வைத்தார். கண்ணாடியைப் போட்டார். "'துஞ்சிடும் மஞ்... மஞ்ஞையின்...'" நின்றார். "மஞ்ஞை எண்டா என்ன?"

"மயில்."

"மயில் எண்டு எழுதினா என்ன கெட்டுப் போகும்? நம்மட வயல் முழுக்க அதுதானே நெல்லத் திங்குது."

"நீங்க நிண்டீங்க ஹாஜியார். தெரியாத சொல் வந்த உடனே நிண்டீங்க. வாசிக்கிற ஆள் நிக்கும். அந்தப் புள்ள ஓரிடத்தில நிண்டாவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓதப் பள்ளிக்குப் பணம் கட்டிக் கொடுத்த மனிதர், பாடமாக்கின பிள்ளையின் குரல் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாமலா போகும்? இவ்வளவு நேரமும் அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அவ பாடமாக்கினதா?" என்றார் மெதுவாக.

"போனில கேட்டுப் பாடமாக்கின. அவவுக்கு எழுத்துத் தெரியா. இப்ப வந்து, இனி எழுத்துப் படிக்கத் தேவல்லதானே எண்டு என்னக் கேக்கிறா. நான் என்ன மறுமொழி செல்ற? நீங்க செல்லுங்க."

ஹாஜியார் அங்குமிங்கும் பார்த்தார். ஜவாத் சேர் கொஞ்சம் தள்ளி நின்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "மெதுவாக் கதைங்க மகள். நான் சென்ன சொல் சொல்தான். கனகரெத்தினத்துக்கிட்டச் செல்லி உங்கட புத்தகத்த எடுத்துத் தாறன். ஆனா இவருக்குத் தெரியப்படா. வயசாளி, மனசு நொந்துபோகும். ஆலை லொறியில அரிசிச் சாக்கோட சாக்காப் பின்கேற்றால அனுப்பிவிடுறன்."

ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அதற்கு மேலால் கோபமும் வந்தது. ஒரு வயசாளியின் மனம் நோகக்கூடாது என்பதற்காகப் பிள்ளைகளின் புத்தகம் கஞ்சா மாதிரிப் பின்கேற்றால் வரவேண்டும். இத்தனை நாளும் பிள்ளைகளின் மனதை யார் பார்த்தார்கள்? அதை முகத்துக்கு நேரே கேட்டிருப்பாள். ஆனால் கேட்டால் இந்த மனிதரும் கையை விரித்துவிடுவார், பிறகு றிஸ்லாவுக்கு என்ன மிஞ்சும்?

"அனுப்புங்க. ஆனா வந்த பிறகு நான் ஒளிக்க மாட்டன்."

அவர் சொன்னபடியே அனுப்பினார். இரண்டு சாக்குகள், வாய் தைத்து வந்தன. அவள் தையலை வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு முன்னால் வெட்டினாள். பனுவல் பெட்டிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்து, மேலே பாயை விரித்து, பிள்ளைகள் ஏறிக் குந்தியிருந்து வாசிக்க வாங்கு ஆக்கினாள். அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் கிழமை றிஸ்லா முரண்டு பிடித்தாள். "எனக்குத் தெரியும் டீச்சர், மேடையில வாசிச்சனே" என்று கையைக் கட்டிக்கொண்டாள். ஹுஸ்னியா கெஞ்சவுமில்லை, அதட்டவுமில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு குடைப் புத்தகத்தைப் பாதி வாசித்துக் காட்டிவிட்டு, மழைக்குள்ளே குடை பறக்கிற இடத்தில் மூடி வைத்துவிட்டாள். மிச்சத்தைச் சொல்லும்படி றிஸ்லா கேட்டாள். "புத்தகத்துல இரிக்கி, பாருங்க" என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தை யாரும் போனில் அனுப்பவில்லை, ஒருவர் வாயாலும் கேட்க வழியில்லை. மூன்றாம் நாள் பிள்ளை தானாகவே குடைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

அந்தக் கிழமைதான் ஜவாத் சேர் வாசிப்பு மூலையைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அதிபர் நஸீம் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். பெட்டிகளின்மேல் பிள்ளைகள் குந்தியிருப்பதைப் பார்த்துத் தலையில் கையை வைத்தார்.

"டீச்சர், அந்தச் சின்னப் புத்தகங்கள எடுத்து அலுமாரிக்குள்ள போடுங்க. பனுவலப் புள்ளையள்ற கையில குடுங்க. அரை மணித்தியாலம்தானே."

"மாட்டன் சேர்."

"என்ன டீச்சர் நீங்க..."

"ஒரு புள்ளட கையில இரிக்கிற புத்தகத்தையும் நான் பறிக்க மாட்டன். வேணும் எண்டா நீங்க பறிங்க."

அதிபர் கையை நீட்டப் போனார், பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், அவர் கையை இழுத்துக்கொண்டார். அதற்குள் ஜவாத் சேர் வாசலுக்கு வந்துவிட்டார். பெட்டிகள் எதற்குப் பயன்படுகின்றன என்பதை நல்லவேளை அவர் கவனிக்கவில்லை. றிஸ்லாவைத்தான் கண்டார். முகம் மலர்ந்தது. அவள் பாயில் குப்புறப் படுத்து, விரலைத் தாளில் அழுத்திக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பாராமல் முனகிக்கொண்டிருந்தாள்.

"காத்... து... குடை... யத்... தூக்..." நின்றாள். கால் பெருவிரலைப் பாயில் தேய்த்தாள். "தூக்... கி..."

ஜவாத் சேரின் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. அவர் அதிபரைப் பார்த்தார். பிறகு ஹுஸ்னியாவைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளதானே அண்டைக்கு மேடையில ஆறு பாயிற மாதிரி வாசிச்ச? இப்ப ஏன் இப்படித் தடக்கி விழுறா? ஒரு மாசத்துக்குள்ள ஆரு இந்தப் புள்ளையக் கெடுத்த?"

"நான்தான் சேர்" என்றாள் ஹுஸ்னியா. "கொஞ்சம் பேசாம நில்லுங்க, புள்ள வாசிக்கிறா."